அவகாசம் வேண்டாம்

ஒரு சொல்லை நான் தவறாக எழுதினேன். அந்தத் தவறு ஊர் கேட்க வாசிக்கப்பட்டபோது எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் தலையை ஆட்டினேன். அதனால் ஏழு வள்ளங்கள் எங்கள் ஆற்றுத் துறையான கடவை விட்டுப் போயின. அவற்றில் ஒன்று என்னுடையது. அது எனக்கு வேண்டியதுதான். மற்ற ஆறும் போனதைத்தான் நான் எழுதியாக வேண்டும், முக்கியமாக அக்காவின் வள்ளம் போனதை.

அக்கா என் கூடப் பிறந்தவள் இல்லை. எங்கள் கிறிஸ்தவ சபையைச் சேர்ந்தவள், என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள். கணவர் தென்னையிலிருந்து விழுந்து படுக்கையோடு கிடந்த பிறகு, அவருடைய வள்ளத்தைத் தானே ஓட்டத் தொடங்கினாள். நெய்யாறு கடலில் சேருகிற பொழி வரைக்கும் சுற்றுலாக்காரர்களை ஏற்றிப் போய்க் காட்டிவிட்டு வருகிற வேலை. எங்கள் கடவில் வள்ளம் ஓட்டிய பெண் அவள் ஒருத்திதான். எஞ்சின் மக்கர் செய்தால் நாங்கள் ஆளைக் கூப்பிடுவோம். அவள் எஞ்சினைத் திட்டுவாள். பெரும்பாலும் அது ஓடிவிடும்.

நான் பத்தாம் வகுப்பு வரைக்கும்தான் படித்தேன், கேரள எல்லையில் பாறசாலைப் பக்கம் தமிழ் வழியில். எங்கள் ஊர்களில் வீட்டில் தமிழ், சபையில் தமிழ், கடையில் பாதிக்குப் பாதி, ஆபீஸில் மலையாளம். பேசும்போது எது எங்கே முடிகிறது என்று யாரும் பார்ப்பதில்லை. ஆனால் ஆபீஸ் என்று வந்துவிட்டால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். இருபது வயதில் ஒரு சான்றிதழுக்காக நெய்யாற்றின்கரைக்குப் போயிருந்தேன். சீக்கிரம் வேண்டும் என்பதற்கு 'அவசரமாணு சார்' என்றேன். மலையாளத்தில் அவசரம் என்றால் வாய்ப்பு. மேசைக்குப் பின்னால் இருந்தவர், "என்ன வாய்ப்பு? சினிமா வாய்ப்பா?" என்று கேட்டார். வரிசையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். சான்றிதழ் அன்றைக்கே கிடைத்தது. அந்தச் சிரிப்பு இன்றைக்கும் காதில் இருக்கிறது.

அப்படிப்பட்டவனை வள்ளக்காரர்கள் செக்ரட்டரி ஆக்கியதற்குக் காரணம் என் கையெழுத்து. சபைக் கமிட்டியின் தீர்மானங்களை நான்தான் எழுதுவேன். அதைப் பார்த்த அக்கா, "எலே, உனக்க எழுத்து அச்சடிச்சது கணக்கால்லா இருக்கு. நீயே செக்ரட்டரியா இரி" என்றாள்.

"எனக்குப் பேச வராது அக்கா."

"பேசாண்டாம் மக்கா. எழுதினா போதும். பேசதுக்கு நான் உண்டு. நான் வாயத் தொறந்தா பொழிக்க அந்தப் பக்கம் கேக்கும்லா."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே நோட்டை வாங்கிக்கொண்டேன்.

எங்கள் கடவுக்கு எதிர்க்கரையில் ரிசார்ட் நடத்துகிறவரை எல்லோரும் முதலாளி என்றுதான் சொல்வோம். வெளியூர்க்காரர் இல்லை. வளைகுடாவில் பல வருஷம் இருந்துவிட்டு வந்து, முதலில் இரண்டு அறை கட்டி வாடகைக்கு விட்டார். பிறகு அது பெரிதாயிற்று. இந்தக் கடற்கரையில் விடுதி நடத்துகிறவர்களுக்கெல்லாம் அவர்தான் இப்போது தலைவர். அவரைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது. கடவு வரைக்கும் தார் ரோடு வந்தது அவர் அலைந்ததால்தான். கோவளம் வரைக்கும் வந்து திரும்பிப் போய்க்கொண்டிருந்த கூட்டம் விழிஞ்ஞம், கோட்டுகால் தாண்டி எங்களிடம் வந்ததும் அப்படித்தான். ஊரில் எத்தனையோ பிள்ளைகளுக்கு அவரிடம் வேலை. என்னைப் பார்த்தால் வண்டியின் கண்ணாடியை இறக்கிக் கையை உயர்த்துவார். நான் தலையைக் குனிந்துகொள்வேன்.

அவர்தான் எங்கள் கடவில் புதிய ஜெட்டி கட்டப்போவதாகப் பஞ்சாயத்திடம் சொன்னார். படகுத் துறைக்கு எங்கள் ஊரில் ஜெட்டி என்று பெயர். பஞ்சாயத்திலிருந்து எங்களுக்கு ஒரு கடிதம் வந்தது. வேலை முடியும் வரைக்கும் வள்ளங்களை வேறு இடத்தில் கட்ட வேண்டும், மாற்றிக்கொள்ள எவ்வளவு நாள் வேண்டும் என்று எழுதிக் கொடுக்க வேண்டும், சுற்றுலா வளர்ச்சிக் கூட்டத்தில் எல்லாப் பதில்களும் வாசிக்கப்படும். ஒரு மத்தியானம் கடவில் கூடினோம். நான் கடிதத்தை வாசித்தேன்.

"புது ஜெட்டி வருதாம்டே."

"உனக்குக் கட்டாயம் வேணும். பழசு கிழிஞ்சுல்லா கெடக்கு."

"எலே, காரியத்தப் பேசுங்க" என்றாள் அக்கா.

ஒருவர், மூன்று மாதம் கேட்டால் என்ன என்றார். அக்கா அவரைப் பார்த்த பார்வையில் அவர் பீடியைப் பற்றவைக்கத் திரும்பிக்கொண்டார்.

"மூணு மாசமா? நாம என்ன கோட்டையா பிரிச்சு எடுக்கப்போறோம்? கயித்த அவுத்தா வள்ளம் போவும். அவகாசம் ஒண்ணும் வேண்டாம்ணு எழுது மக்கா. கேட்டதும் மாத்தினானுவண்ணு நாலு பேரு சொல்லட்டு. அதாக்கும் மரியாத."

எல்லோருக்கும் அது பிடித்திருந்தது. கட்டி முடித்த பிறகு நாங்கள் திரும்பி வருவோம் என்று எழுத வேண்டும் என ஒருவருக்கும் தோன்றவில்லை. அப்பா காலத்திலிருந்து கட்டுகிற இடம். வீட்டுக்குள் திரும்பி வர யார் எழுதிக் கேட்பார்கள்?

சாயங்காலம் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்து எழுதினேன். மலையாளத்தில் எழுத வேண்டும் என்பதால் இரண்டு முறை வெறும் தாளில் எழுதிப் பார்த்துவிட்டு நல்ல தாளில் எழுதினேன். மூன்றே வரி. ஜெட்டி வேலைக்குச் சம்மதம். கடவில் எங்களுக்கு அவகாசம் வேண்டாம். சொல்லுகிற அன்றைக்கே வள்ளங்களை மாற்றிக்கொள்கிறோம். மலையாள எழுத்தின் வளைவுகள் அன்றைக்கு அவ்வளவு ஒழுங்காக வந்தன. நான் வளைவுகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தமிழில் அவகாசம் என்றால் கூடுதல் நாள், கெடு. மலையாளத்தில் அதே சொல்லுக்கு உரிமை என்று பொருள். இது எனக்குத் தெரியாதா? ரோட்டில் போகிற ஊர்வலங்களில் அந்தச் சொல்லை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். அங்கே கேட்டால் அது உரிமை என்றுதான் காதில் விழும். அக்காவின் வாயிலிருந்து வந்தது தமிழ்ச் சொல். அது தமிழாகவே என் கைக்குள் இறங்கி, மலையாள எழுத்தைப் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டது. அந்த ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன்.

கூட்டத்தன்று விருந்தாளிகளைப் பொழிக்குக் கூட்டிப்போக எல்லா வள்ளங்களையும் கேட்டிருந்தார்கள். அதனால் மற்றவர்கள் ஆற்றில் இருந்தார்கள். ஹாலுக்கு நான் மட்டும் போனேன். நகரத்திலிருந்து வந்தவர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். முதலாளி மேடையில் பேசினார். இந்தக் கடற்கரை வளர வேண்டுமானால் எல்லோரும் ஒன்றாக நிற்க வேண்டும், சிறியவர்களையும் சேர்த்துக்கொண்டு போகிறவன்தான் தலைவன் என்றார். நன்றாகத்தான் பேசினார். கை தட்டினார்கள்.

பிறகு பஞ்சாயத்து கிளார்க் பதில்களை வாசித்தார். முப்பது வயதுக்காரர், எங்கள் சபையைச் சேர்ந்தவர்தான். கடைக்காரர்களுடையதை வாசித்தார், ஆட்டோக்காரர்களுடையதை வாசித்தார். அதன் பிறகு என் தாளை எடுத்தார். "கடவில் ஞங்ஙள்க்கு அவகாசம் வேண்டா."

மைக்கில் அந்தச் சொல் வந்ததும் அது உரிமையாக என் காதில் விழுந்தது. கடவில் எங்களுக்கு உரிமை வேண்டாம்.

முதலாளி நிமிர்ந்து பார்த்தார். கிளார்க்கிடமிருந்து தாளை வாங்கித் தானே ஒருமுறை படித்தார். "வள்ளக்காருடெ செக்ரட்டரி உண்டோ?" என்றார். எழுந்து நின்றேன்.

"இது உறப்பாணோ?"

நிச்சயம்தானா என்று கேட்கிறார். இல்லை சார், அது தமிழ்ச் சொல் சார், கூடுதல் நாள் வேண்டாம் என்று எழுதினேன் சார். இதை நான் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் ஹால் முழுக்கச் சிரிக்கும். மலையாளம் தெரியாத செக்ரட்டரி என்று முன்வரிசை திரும்பிப் பார்க்கும். எனக்கு ஐம்பது வயதாகிறது. அந்த இடத்தில் இருபது வயதுக்காரனாக நெய்யாற்றின்கரை வரிசையில் நின்றேன். தலையை ஆட்டினேன்.

"உறப்பாணல்லோ?" என்று மறுபடியும் கேட்டார்.

மறுபடியும் ஆட்டினேன்.

கைதட்டல் வந்தது. உரிமையை விட்டுக்கொடுத்த எளிய மனிதர்கள் என்று யாரோ மைக்கில் சொன்னார்கள். என்னை மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். போட்டோ எடுக்கும்போது சிரிக்கச் சொன்னார்கள். சிரித்தேன்.

திரும்பும் வழியில் பொன்னாடையை மடித்துப் பைக்குள் அடியில் வைத்தேன். கடவில் அக்கா எஞ்சினைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன சொன்னாவ மக்கா?"

"ரொம்ப சந்தோஷப்பட்டாங்க அக்கா."

அது பொய் இல்லை. அதைவிட மோசம்.

நாலு நாளைக்குள் ஒரு மனு எழுதிக் கொடுத்தால் சரியாகிவிடும் என்று என்னிடமே சொல்லிக்கொண்டேன். நாலு நாள் போயிற்று. ஜெட்டி வேலை தொடங்கியது. வள்ளங்களைக் கீழே தென்னந்தோப்பு ஓரத்துச் சேற்றுக் கரைக்கு மாற்றினோம், சொன்ன அன்றைக்கே. மழைக்காலம் போயிற்று. ஒவ்வொரு வாரமும் அந்த மனுவை மனதுக்குள் எழுதுவேன். எழுதும்போதே யாரோ அதை வாசித்துச் சிரிப்பார்கள்.

ஜெட்டி திறந்த மறுநாள் அக்கா தன் வள்ளத்தைக் கொண்டுபோய்க் கயிறு போட்டாள். காவலுக்கு நின்ற ஆள் தடுத்தான். நாங்களும் பின்னாலேயே போயிருந்தோம்.

"முதலாளிக்க கம்பெனி படகு மட்டுந்தான் கெட்டணும் சேச்சி."

"எனக்க கடவுல எனக்குக் கயிறு கெட்ட ஒன்கிட்ட கேக்கணுமா? எடு கையை."

"எங்கிட்டச் சண்ட போடாண்டாம். ஒங்களுக்கு இங்க ஒரு பாத்தியதையும் இல்லைண்ணு நீங்களே எழுதிக் குடுத்திருக்கியளாம். ஆபீஸ்ல பேப்பர் உண்டு."

அக்கா என் பக்கம் திரும்பினாள். "நாம அப்படியா எழுதினோம்?"

"நான் அப்படி எழுதல்ல அக்கா."

"அப்போ வாசிச்சவன் மாத்தி வாசிச்சிருக்கான்" என்றார் எங்களில் ஒருவர். "அந்தக் கிளார்க்குப் பய முதலாளிக்க ஆளாக்கும்."

என் தவறு ஒரு பேனாவோடு முடிந்திருக்கலாம். அந்த நிமிஷம் வாயை மூடிக்கொண்டதால் அது இன்னொரு மனிதன் தலையில் ஏறி உட்கார்ந்தது.

எங்கள் சபையில் ஆராதனைக்கு நடுவே, பக்கத்தில் இருப்பவருக்குச் சமாதானம் சொல்லிக் கைகொடுக்கிற நேரம் ஒன்று உண்டு. கிளார்க் முன்னால் வந்து எல்லோருக்கும் கைகொடுப்பார். அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அவரைத் தாண்டிச் சுவரைப் பார்த்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான். அவருக்குக் காரணம் தெரியவில்லை. நீட்டிய கையை என்ன செய்வது என்று தெரியாமல் சட்டைப் பொத்தானைத் தொட்டுக்கொண்டார். பிறகு என்னிடம் வந்தார். நான் அவருக்குக் கைகொடுத்தேன். "சமாதானம்" என்றேன். நாலு மாதம் இப்படிச் சொன்னேன்.

சேற்றுக் கரைக்குச் சுற்றுலாக்காரர்கள் வருவதில்லை. காரில் இறங்கினால் எதிரே ஜெட்டி, கைப்பிடி, உட்கார நாற்காலி. யார்தான் சேற்றில் இறங்குவார்கள்? மற்ற ஐந்து பேரும் ஒவ்வொருவராகக் கம்பெனிப் படகுக்கு வேலைக்குப் போனார்கள். அக்காவுக்கு அங்கே இடமில்லை. படகு ஓட்டப் பெண்ணை எடுப்பதில்லையாம், சமையலறைக்கு வரட்டும் என்றார்களாம். கணவரைத் தூக்கி உட்காரவைத்துப் பயிற்சி கொடுக்க வந்துகொண்டிருந்த பெண்ணை அக்கா நிறுத்திவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். ஒருநாள் அவளே சொன்னாள்: "கொல்லங்கோட்டுல இருந்து ஒரு ஆளு வள்ளத்தப் பாத்துட்டுப் போயிருக்கான். குடுத்திரலாம்ணு இருக்கேன்."

"எப்போ?"

"வாற கிழமை. வச்சிருந்து என்ன செய்ய? சவம், மழையில நனஞ்சு கெடக்கு."

அன்றைக்கு என்னால் சாப்பிட முடியவில்லை. மறுநாள் காலையில் முதலாளியின் ஆபீஸுக்குப் போனேன். வாசலில் இரண்டு தடவை திரும்பி நடந்தேன். அவரே கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார், சாயா வரவழைத்தார். எனக்குத் தெரிந்த மலையாளத்தில், அந்தச் சொல்லைத் தமிழ்ப் பொருளில் எழுதிவிட்டேன் என்று சொன்னேன். பாதியிலேயே அவர் தமிழுக்கு மாறினார்.

"எனக்குத் தெரியும்" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"நானும் தமிழ் மீடியம் ஆக்கும். ஒங்களுக்கு முந்தி ஏழு வருஷம். வாசிச்ச உடனே மனசிலாச்சு. அதுனாலதான எழுப்பி நிறுத்திக் கேட்டேன்? ரெண்டு மட்டம் கேட்டேன். ரெண்டு மட்டமும் தலைய ஆட்டினிய."

"பயமா இருந்துச்சு சார்."

"அதும் தெரியும்" என்றார். "மூணாவது மட்டம் கேட்டிருக்கலாம். கேக்கல்ல. நான் ஏவாரி. ஒருத்தன் வேண்டாம்ணு ரெண்டு தடவ சொன்னா எடுத்துக்கிடுவேன். பஞ்சாயத்துல எழுதிக் குடுங்க. நான் எதிர்த்துப் பேச மாட்டேன். அதுக்க மேல எங்கிட்ட எதிர்பாக்காண்டாம்."

வெளியே வந்தேன். அவர் செய்ததும் சரியில்லை என்று நினைத்துப் பார்த்தேன். நினைப்பு நிற்கவில்லை. நான் பயந்ததை அவர் பார்த்துவிட்டார் என்பதில்தான் உடம்பெல்லாம் எரிந்தது.

அங்கிருந்து நேரே அக்காவிடம் போனேன். வள்ளத்துக்குள் நின்ற மழைத் தண்ணீரைச் சிரட்டையால் கோரி வெளியே ஊற்றிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன், பொன்னாடையைக்கூட. அவள் கோருவதை நிறுத்தவில்லை. முடித்த பிறகு கேட்டது ஒன்றுதான்.

"அப்போ அந்தக் கிளார்க்கு ஒண்ணும் செய்யல்ல?"

"இல்ல அக்கா."

"நாலு மாசமாலே! கோயில்ல வச்சு அவனுக்குக் கை குடுக்காம நின்னேன். அவனுக்குக் கேடு வரட்டும்ணு ஜெபிச்சேன். நீ பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டு இருந்திருக்க." சிரட்டையை என் காலடியில் போட்டாள். "வள்ளம் போனா போட்டு. என்னக் கர்த்தருக்க முன்னால இந்தக் கோலத்துல நிக்க வச்சிட்டியே."

எனக்கு அழுகை வந்தது. அவள் அதைப் பார்க்க விரும்பாமல் செருப்பைத் தேடினாள். "நட. இப்பமே நட. எனக்க முன்ன வச்சு அவன்கிட்டச் சொல்லு."

பஞ்சாயத்து ஆபீஸில் கூட்டம். கவுண்டருக்கு முன்னால் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். கிளார்க் அக்காவைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். நான் மலையாளத்தில் சொன்னேன். எழுதியது நான், தவறும் என்னுடையது, நீங்கள் சரியாகத்தான் வாசித்தீர்கள், உங்கள்மேல் பழி விழுந்தபோது நான் பேசாமல் இருந்தேன். சொல்லி முடிக்க நேரமாயிற்று. நடுவில் இரண்டு இடத்தில் தமிழ் வந்துவிட்டது. வரிசையில் ஒருவர் சிரித்தார். அக்கா திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

"அக்கா ஏன் முகம் திருப்புறாங்கண்ணு வீட்டுல கேட்டுக்கிட்டே இருந்தாங்க" என்றார் கிளார்க். "நான் என்ன தப்பு செஞ்சேன்ணு எனக்குச் சொல்லத் தெரியல்ல."

"மன்னிச்சிரு மக்கா" என்றாள் அக்கா. அவரிடம்தான் சொன்னாள். நான் சொல்ல வைத்திருந்த அதே வார்த்தை, அவள் முதலில் சொல்லிவிட்டாள். குற்றம் செய்யாதவள் கேட்ட பிறகு நான் கேட்ட மன்னிப்புக்கு எடை இருக்கவில்லை. அவர் தலையசைத்தார். ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார்.

அந்த மனு பஞ்சாயத்துக் கமிட்டிக்கு வந்தபோது அக்கா பேசவில்லை. "நீ சொல்லு" என்று பின்வரிசையில் உட்கார்ந்துகொண்டாள். நான் எழுந்து சொன்னேன். சொல் விளங்கியதும் உறுப்பினர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இத்தனை வருஷம் நான் பயந்த சிரிப்பு அதுதான். ஒரு மிடறு தண்ணீர் குடிக்கிற நேரம் இருந்தது, போய்விட்டது. இதற்காகவா என்று எனக்குத் தோன்றியபோது முன்பைவிட அதிகமாக வெட்கப்பட்டேன். திருத்தத்தைப் பதிவு செய்துகொண்டார்கள். ஜெட்டியைப் பற்றி ஒப்பந்தத்தைப் பார்த்துவிட்டுத்தான் சொல்ல முடியும் என்றார்கள். இதுவரைக்கும் சொல்லவில்லை.

கொல்லங்கோட்டு ஆளிடம் வள்ளத்தை இப்போதைக்கு விற்கவில்லை என்று அக்கா சொல்லிவிட்டாள். என்னோடு அதிகம் பேசுவதில்லை. கேட்டால் பதில் சொல்வாள்.

நேற்று நாகர்கோவிலிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. ஜெட்டியில் காத்திருக்க வேண்டும் என்றதும் கீழே இறங்கி வந்து சேற்றுக் கரையில் நின்று யோசித்தார்கள். கூட ஒரு வயதான அம்மா, புடவை நனையும் என்று தயங்கினார். என் வள்ளம் முன்னால் கிடந்தது. நான் அக்காவின் வள்ளத்தைக் காட்டினேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் சேற்றில் இறங்கி, கரையிலிருந்து வள்ளத்துக்குப் போட்ட பலகையைத் தோளில் தாங்கிப் பிடித்தேன். ஒவ்வொருவராக அதன்மேல் நடந்து ஏறினார்கள். அக்கா எஞ்சினைத் திட்டினாள். மூன்றாவது இழுப்பில் அது கிளம்பியது.